திட்டாத செவ்வாய் கண்ட மருத்துவர் லிசி இன்னாசிராஜ் அவர்களுக்கு

காவிரியின் தென்கரையில் பிறந்து வடகரை வரைக்கும் வைதே வாழவைத்த வள்ளலே! வந்தோர்க்கு மருந்தும் வராதோர்க்கு வசவும் வஞ்சனையின்றி வழங்கிய வைத்தியத் திருமகளே! மேலிடத்து மிரட்டலுக்கு மசியாத மெல்லிய உருவமே! எச்.ஐ.வி. என்ற மூன்றெழுத்தைக் கேட்டு ஊரே ஒதுங்கி நின்ற காலத்தில், ஒதுங்கியவர்களை ஒதுங்கியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒடுங்கி வந்தவர்களை உட்காரவைத்து உயிர் தந்த உத்தமியே! பாலக்கரையின் பெருமையே! எங்கள் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தின் மூத்த மருத்துவரே! வணக்கம்.

விளிகள் இத்துடன் நிற்கின்றன. இன்னும் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தோம். நிறுத்தியது நாங்கள் அல்ல. பிரிவு உபசார விழா என்று பேச்செடுத்த அன்றே டாக்டர் எங்களை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"சால்வை வேணாம், மாலை வேணாம். மடல் கிடல்னு யாராவது என் மூஞ்சிக்கு நேரா நின்னு புகழ்ந்தீங்கன்னா எந்திரிச்சுப் போய்க்கிட்டே இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

நாங்கள் அவரிடம் வேலை பழகியவர்கள். பழகிய பாடங்களில் முதலாவது, மேலே இருப்பவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு சரியானதைச் செய்வது. ஆகவே அவர் மூஞ்சிக்கு நேரே புகழவில்லை. அவருக்கு முதுகு காட்டவும் மனம் வரவில்லை. பக்கவாட்டில் நின்று, அவையோரே, உங்களைப் பார்த்து வாசிக்கிறோம். இனி அவர் 'நீங்கள்' அல்ல, 'அவர்'. ஒரு டாக்டரைப் பற்றி ஊர் பேசுவதற்கு எந்த டாக்டரும் இதுவரை அனுமதி கொடுத்ததில்லை. கேட்பதும் காதைப் பொத்திக்கொள்வதும் அவர் பாடு.

அவையோரே! முறைப்படி பெருமைகளை வரிசைப்படுத்த வேண்டுமானால் முதலில் அவருடைய கோபத்தைத்தான் சொல்லவேண்டும். துறையூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவராக இருந்தாலும் சரி, அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்தவராக இருந்தாலும் சரி, ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "உன் பிள்ளைகளுக்காக இல்லாட்டியும் எனக்காகவாவது போட்டுத் தொலைச்சா என்ன?" என்று தொடங்குவார். கூடத்தில் வரிசையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். நம் மருந்தாளுநர் தைரியராஜ், யாரைத் திட்டினாலும் தன்னையே திட்டுவதாக எண்ணி மாத்திரைப் பெட்டிகளை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்துவிடுவார். திட்டி முடித்த கையோடு டாக்டர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். திட்டு வாங்கியவர் அழுதுகொண்டே இட்லி சாப்பிடுவார். இது எங்கள் மையத்தில் நித்தியக் காட்சி.

அந்தக் கோபத்தை நாங்கள் எல்லோரும் குணம் என்றே நினைத்திருந்தோம். டாக்டரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதில் ஒரு வினை இருந்தது. அந்த வினையைக் கண்டுபிடித்தவரும் அவரே, அதை ஊரறியச் சொன்னவரும் அவரே. இந்த மடல் அதைப் பற்றியது.

அவையில் விவரம் தெரியாதவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். எச்.ஐ.வி. உள்ளவர் சிகிச்சை தொடங்கினால் மாத்திரை ஆயுள் முழுக்க, நாள் தவறாமல். போட்டுக்கொண்டே இருந்தால் எல்லாரையும் போல வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைக் கரையேற்றலாம். நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி மறுபடி தலைதூக்கும். ஆனால் மாத்திரை என்றிருந்தால் பக்கவிளைவும் உண்டு. முன்பு கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்றொரு மருந்து இருந்தது. போட்டால் தலை கிறுகிறுக்கும். கெட்ட கனவாக வரும். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும். அந்தக் கிறுகிறுப்பைத் தூக்கத்திலேயே கழித்துவிடட்டும் என்று டாக்டர் ஒரு சட்டம் போட்டார். 'மாத்திரையைப் படுக்கும் முன் போடவும்' என்று தன் கையாலேயே ஒரு பலகையில் எழுதிக் கூடத்துச் சுவரில் மாட்டினார். நல்ல சட்டம். பல பேர் அதனால் பிழைத்தார்கள்.

பிறகு புது மாத்திரை வந்தது. அதில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து. கிருமியைச் சீக்கிரம் அடக்கும், கிறுகிறுப்பு இல்லை, பெரிய தொல்லை ஒன்றும் இல்லை என்றார்கள். மேலிடம் மகிழ்ந்தது. டாக்டரும் மகிழ்ந்தார், ஆனால் அவர் மகிழ்ச்சிக்குக் கண் உண்டு. பழைய மாத்திரையில் சிகிச்சை தொடங்கியவர்கள் முதல் மாதங்களில் என்னென்ன பட்டார்கள், புது மாத்திரையில் தொடங்குகிறவர்கள் என்னென்ன படுகிறார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். புதிதாக மருந்து தொடங்கிய ஒவ்வொருவரிடமும் வருகிறபோதெல்லாம் கேட்கச் சொன்னார். தலை சுற்றுகிறதா? கனவு வருகிறதா? தூக்கம் எப்படி? எடை ஏறுகிறதா? எவ்வளவு சின்னத் தொல்லையாக இருந்தாலும் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு.

அப்போது பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், சிரித்தபடி சொன்னார்: "உயிர் பொழைச்சாச்சு. தூக்கம் வரலைங்கிறதெல்லாம் ஒரு கம்ப்ளெய்ன்ட்டா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க ஒரு வாரம் தூங்காம இருந்து பாருங்க சார். அப்புறம் வந்து இதே கேள்வியைக் கேளுங்க" என்றார். அதிகாரி அன்று காப்பி குடிக்காமல் போனார்.

இப்படியே ஓராண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டுக் குறித்ததில் ஒரு விஷயம் எழுந்து நின்றது. புது மாத்திரையில் கிறுகிறுப்பு இல்லை, தடிப்பு இல்லை. எடை கொஞ்சம் ஏறுகிறது. ஆனால் தூக்கம் போகிறது. புதிதாகத் தொடங்கியவர்களில் தூக்கம் கெட்டவர்கள் எங்கள் மையத்தில்தான் அதிகம். மற்ற ஊர்களில் சொல்வதைவிட ரொம்ப அதிகம். சென்னையில் நடக்கும் பெரிய கூட்டத்தில் இதை டாக்டர் வாசிக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. ஓய்வு நெருங்கும் வேளையில் டாக்டரின் பெயர் நாலு பேருக்குத் தெரியப்போகிறது என்று நாங்கள் தலைகால் புரியாமல் குதித்தோம்.

அவையோரே, இங்கே ஒரு பெயர் வருகிறது. எங்கள் மையத்தில் நோயாளியின் பெயரை வெளியே சொல்வதைப் போன்ற பாதகம் வேறில்லை. வீட்டில் மனைவி கேட்டாலும் தைரியராஜ் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்ட நாங்கள் மைக்கின் முன்னால் ஒரு பெயரைச் சொல்லப்போகிறோம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அவர் பெயர் மலர்க்கொடி. ஊர் மருங்காபுரி. மழை இல்லாத வருஷம் ஒன்றில் பிழைப்புத் தேடிக் கிளம்பி, மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் கிளறிவிடும் வேலைக்குச் சேர்ந்தவர். கணவரை இந்த நோய்க்குக் கொடுத்தவர். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் உண்டு. புது மாத்திரையில் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

"டாக்டரம்மா, இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைங்க" என்றார் மலர்க்கொடி. "ராவெல்லாம் கண்ணு மூட மாட்டேங்குது. நேத்து களத்துல நெல்லு கிளறிக்கிட்டே கண்ணு சொருகி விழுந்துட்டேன். குடிச்சிட்டு வந்தியாடின்னு மேஸ்திரி கேக்குறாருங்க. இனி விழுந்தா வேலை இல்லைன்னுட்டாரு. கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாக்கட்டுங்களா?"

நிறுத்துவது என்ற சொல் டாக்டருக்கு ஆகாது. அவர் பொங்கிவிட்டார். "நிறுத்துறதா? நிறுத்திட்டு எங்க போய்ப் படுப்ப? ஒம் பொண்ணை யாரு பாப்பா? தூக்கம் வரலைன்னா பொறுத்துக்க! எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்காங்க!" தூக்கமின்மை என்று தவறாமல் குறித்துக்கொண்டார். இட்லியும் கொடுத்தார். மலர்க்கொடி அன்று இட்லி சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க அவர் வரவில்லை. எங்கள் ஆலோசகர் ஜென்சி போன் போட்டுப் பார்த்தார். போன் அணைந்து கிடந்தது. மாத்திரை போடாமல் போகிற ஒவ்வொரு வாரமும் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். டாக்டருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தினமும் காலையில் வந்ததும், "அந்த மருங்காபுரி வந்துச்சா?" என்றுதான் கேட்பார். இல்லை என்றால், காரணமே இல்லாமல் எங்களில் யாராவது ஒருவருக்குத் திட்டு விழும்.

அந்தச் சமயத்தில்தான் திருவரங்கத்து ஐயா வந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டோம்; சொல்ல அவர் ஒப்பவில்லை, ஒப்பாமல் இருப்பது அவர் உரிமை. இந்த அவையில் இருக்கிறாரா என்றும் சொல்ல மாட்டோம். அவரும் மலர்க்கொடி தொடங்கிய அதே சமயத்தில், அதே புது மாத்திரையில் தொடங்கியவர். ஆள் பளிச்சென்று, கன்னம் பூரித்து வந்து உட்கார்ந்தார். வருகிறவர்களில் பாதிப் பேர் தூக்கம் கெட்டு வருகிறபோது இவர் மட்டும் எப்படி இப்படி என்று டாக்டருக்கு வியப்பு.

"ஐயா, ராத்திரி மாத்திரை போட்டுட்டு எப்படித் தூங்குறீங்க?"

ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "க்ஷமிக்கணும். அடியேன் ராத்திரி போட்டுக்கறதில்லே. முதல் ரெண்டு மூணு நாள் போட்டுண்டேன், விடிய விடிய முழிச்சுண்டே இருந்தேன். அதுக்கப்புறம் காலம்பற பெருமாள் திருவாராதனம் ஆகி, தீர்த்தம் ஸ்வீகரிச்ச கையோட போட்டுக்கறேன். நன்னாத் தூங்கறேன். தேவரீர் கோவிச்சுப்பேளேன்னு பயந்து, கேக்கறச்சேல்லாம் ராத்திரிதான்னு பொய் சொல்லிட்டேன்."

அறையில் இருந்த ஜென்சி கண்ணை மூடிக்கொண்டார், இடி விழப்போகிறது என்று. விழவில்லை. டாக்டர் ஐயாவைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே, கூடத்துச் சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாத்திரைக்கு எழுதிய பலகை. மாத்திரை மாறியது, பெட்டி மாறியது, நாங்கள் கேட்கும் கேள்விகள்கூட மாறின. பலகை மாறவில்லை. டாக்டரே புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் படுக்கும் முன் போடு, படுக்கும் முன் போடு என்று பழைய வாய்ப்பழக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் கிளிப்பிள்ளைகளாகச் சொன்னோம். புது மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கக்கூடியது. அதைப் போய்ப் படுக்கும் நேரத்தில் கொடுத்துவிட்டு, தூக்கம் போகிறதா, தூக்கம் போகிறதா என்று எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுக் குறித்திருக்கிறோம். மீறிக் காலையில் போட்டவர்களோ, திட்டுக்குப் பயந்து உண்மையைச் சொல்லவில்லை.

அந்த நிமிஷத்தில் டாக்டருக்குச் சென்னைக் கூட்டம் நினைவுக்கு வரவில்லை. பொறுத்துக்க என்று தான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. சாப்பிடாமல் விட்டுப்போன இட்லி நினைவுக்கு வந்தது. இதை அவரே பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார். ஐயாவைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே ஏறிப் பலகையைக் கழற்றினார். ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறது. பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவையோரே, வேறொருவராக இருந்தால் இத்துடன் ஒரு சுற்றறிக்கை எழுதி முடித்திருப்பார். எங்கள் டாக்டர் தன் கோபத்துக்கே கடிவாளம் போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் தன் அறைக்குள் போகவில்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், அவர்களோடு போய் உட்கார்ந்தார். "இன்னைக்கு யாரையும் திட்ட மாட்டேன். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை திட்ட மாட்டேன். மாத்திரைய எப்பப் போடுறீங்க, எப்படிப் போடுறீங்க, போடுறீங்களா இல்லையா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அது நிறைய வாயைக் குளிரவைக்கும் சூடமிட்டாய். கோபம் வந்தால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாராம்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒருவர் பேசினார். பிறகு அணை உடைந்தது. மாமியார் கண்ணில் படாமல் இருக்க மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்து, பானையைத் தொட முடியாத நாளெல்லாம் போடாமல் விட்டவர் சொன்னார். தவக்காலம் முழுக்க உபவாசம் என்று மாத்திரையையும் சேர்த்து உபவாசத்தில் வைத்தவர் சொன்னார். எடை ஏறுகிறது என்று பயந்து பாதியாக உடைத்துப் போட்டவர் சொன்னார். டாக்டரின் கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அன்று பொட்டலம் காலியாகி, தைரியராஜ் ஓடிப்போய் இன்னொன்று வாங்கி வந்தார். ஆனால் ஒருவருக்கும் திட்டு விழவில்லை. அதற்கடுத்த செவ்வாயில் கூட்டம் கூடத்துக்கு வெளியேயும் நின்றது.

செவ்வாய்க்குச் செவ்வாய் கேட்டதில் கணக்கு தெளிந்தது. மீறிக் காலையில் போட்டவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். எங்கள் பேச்சைக் கேட்டு நல்ல பிள்ளையாக ராத்திரி போட்டவர்கள்தான் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். அவர்களைக் காலைக்கு மாற்றியதும் பலருக்குத் தூக்கம் திரும்பியது. சிலருக்கு மட்டும் திரும்பவில்லை. எடை ஏறுவதும் நிற்கவில்லை. அவற்றையும் டாக்டர் மறைக்கவில்லை, மாத்திரை செய்வது மாத்திரை செய்வதுதான் என்றார்.

ஆனால் மலர்க்கொடி வரவில்லை. செவ்வாய் வந்தது, போனது. அவருக்கு யார் சொல்வது? ஆலைக்கு ஆள் அனுப்பினால், எந்த ஆஸ்பத்திரி, என்ன சங்கதி என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி அவர் வேலையைக் கொன்றுவிடும். ஜென்சி போவதாகச் சொன்னபோது டாக்டர் தடுத்தார். "விரட்டினது நான். நான்தான் போகணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், டாக்டர் தன் ஸ்கூட்டரில் காவிரிப் பாலமும் கொள்ளிடப் பாலமும் தாண்டி மண்ணச்சநல்லூர் போனார். ஆலை வாசலில் இறங்கி, அரிசி வாங்க வந்த வீட்டுக்காரம்மாவாக நடித்தார். நடிப்பு அவருக்கு வராது. நெல் எப்படி அவிக்கிறீர்கள், களத்தைப் பார்க்க வேண்டும், சுத்தமாக இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் மாதிரி அதட்டியிருக்கிறார். பயந்துபோன மேஸ்திரி களத்துக்கே அழைத்துப் போனார். அங்கே வெயிலில், முக்காடு போட்டு, கால்களால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறியபடி மலர்க்கொடி. பாதி உடம்பாகியிருந்தார்.

டாக்டர் குனிந்து ஒரு கை நெல்லை அள்ளிப் பார்ப்பதுபோல் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"தப்பு உம்மேல இல்லம்மா, நான் சொன்ன நேரத்துலதான் தப்பு. மாத்திரைய இனிமே காலையில போடணும். செவ்வாய்க்கிழமை வா. அன்னைக்கு நான் யாரையும் திட்டுறதில்லை."

மலர்க்கொடி நிமிரவில்லை. கால் மட்டும் நின்றது. "நெசமாவாங்க?" என்றார் நெல்லைப் பார்த்தபடி.

"நெசமா."

மேஸ்திரி பார்க்கிறார் என்பதால் டாக்டர் ஒரு சிப்பம் பொன்னி அரிசி வாங்கித்தான் தீரவேண்டியிருந்தது. ஸ்கூட்டர் முன்னால் கால் வைக்க இடமில்லாமல், காலை அகட்டி வைத்துக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் சாப்பிடுவது இரண்டு பேர். ஆகவே பல வாரங்களுக்கு எங்களுக்கு மதியம் எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, மறுபடி எலுமிச்சைச் சோறு. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தவர் செவ்வாய் வரைக்கும் காத்திருந்து முணுமுணுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கூடத்துப் பெஞ்சில் டாக்டருக்குப் பக்கத்தில் மலர்க்கொடி வந்து உட்கார்ந்தார். மாத்திரை நிறுத்தியதை உள்ளபடி சொன்னார். டாக்டர் ஒரு சூடமிட்டாயை அவரிடம் நீட்டினார், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். ஆய்வக நுட்பர் சுபஸ்ரீ ரத்தம் எடுத்தார். நல்ல வேளையாகக் கிருமி இன்னும் மருந்துக்குக் கட்டுப்படுகிற நிலையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாங்கள் அன்று பேசவில்லை. இன்றும் பேசவேண்டாம்.

பிறகு சென்னைக் கூட்டம். புறப்படும் முன் மேலிடத்திலிருந்து ஒரு போன். உள்ளதை அப்படியே வாசித்துவிடுங்கள், புது மாத்திரையில் இத்தனை பேருக்குத் தூக்கம் போகிறது என்பது புதுச் செய்தி, நாலு பேர் கவனிப்பார்கள். பலகை, வாய்ப்பழக்கம் என்பதெல்லாம் எதற்கு, ஓய்வு பெறப்போகிற நேரத்தில் உங்கள் பெயரை நீங்களே ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார்கள். டாக்டர் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முதல் பாடத்தைத்தான் மேலே சொன்னோமே.

மேடையில் ஏறி அவர் வாசித்தது இதுதான். நாங்கள் கூடப் போயிருந்தோம், காதாரக் கேட்டோம்.

"எங்க மையத்துல புது மாத்திரை தொடங்கினவங்களுக்குத் தூக்கம் போனது உண்மை. அதுல ஒரு பங்கு மாத்திரையோடது. பெரும் பங்கு என்னோடது. பழைய மாத்திரைக்குப் பலகையில எழுதி மாட்டின சட்டத்தைப் புது மாத்திரைக்கும் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். சொன்னபடி கேட்டவங்க தூங்கலை. கேக்காதவங்க எங்கிட்ட பயந்து பொய் சொன்னாங்க. நோயாளி டாக்டருக்குப் பயந்தா, நீங்க எந்த ரெண்டு மருந்தை ஒப்பிட்டாலும் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு. உங்க ஊர்லயும் ஒரு பலகை தொங்கிக்கிட்டு இருக்கும். போய்ப் பாருங்க."

கைதட்டல் உடனே வரவில்லை. முன்வரிசையில் சிலர் கைப்பேசியைப் பார்த்தார்கள். மேலிடத்தார் முகம் சிவந்திருந்தது. பின்னால் ஓர் ஓரத்திலிருந்து, வேறு மாவட்டத்துச் செவிலியர் ஒருவர் எழுந்து நின்று தட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இறங்கி வந்த டாக்டர் எங்களைப் பார்த்து, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளைக்கு செவ்வாய்க்கிழமை" என்றார். அவ்வளவுதான். அந்த ஆண்டு எந்த விருதுப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. எங்களுக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு. அவருக்கு இல்லை.

இப்போது, சொல்வதாகச் சொன்ன காரணத்தைச் சொல்கிறோம். இந்த விழாவுக்கு ஊழியர்கள் மட்டும் போதும், நோயாளிகள் வேண்டாம் என்று ஓர் அறிவுரை வந்தது. மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். பிறகு பின்வரிசையில் நாற்காலிகளைக் கூட்டிப் போட்டோம். சென்ற மாதம் மலர்க்கொடி ஜென்சியிடம் வந்து, மடலில் தன் பெயரைப் போட வேண்டும் என்றார். நாங்கள் மறுத்தோம். ஆலையில் தெரிந்துவிடும், ஊரில் தெரிந்துவிடும், மகளின் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னோம். மகளையும் அழைத்துப் பேசினோம்; அம்மா இஷ்டம், எனக்கும் அதுதான் இஷ்டம் என்றாள். பிறகும் மறுத்தோம். அதற்கு மலர்க்கொடி சொன்னது:

"பேரை மறைச்சு மறைச்சு வச்சு, எதையோ திருடிட்டு வந்தவ மாதிரி இருக்கேங்க. அந்தம்மா அத்தனை பெரிய மேடையில ஏறி, தப்பு எம்மேலன்னு அவங்க பேரைக் கொடுத்தாங்கல்ல? அவங்களுக்குக் கொடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு? எம் பேரு ஒண்ணுதான் இருக்கு. அதைக் கொடுக்கிறேன். எழுதுங்க."

எழுதினோம். ஆலை முதலாளியிடம் அவரே நேற்று போய்ச் சொல்லிவிட்டார். வேலை உண்டா இல்லையா என்று நாளை காலை தெரியும். இந்த நோயைச் சொல்லி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தச் சட்டம் இடங்கொடுக்காது. மண்ணச்சநல்லூரில் யாருக்காவது அது தெரியாமல் இருந்தால், நாளை காலை ஆலை வாசலில் நாங்கள் அனைவரும் நிற்போம், தெரியவைப்போம். அவையோரே, உங்களில் முடிந்தவர்களும் வாருங்கள்.

டாக்டர் அம்மா! கடைசியில் தடையை மீறி உங்களை நேராகவே பார்த்துவிட்டோம். உங்கள் முகம் சிவப்பது தெரிகிறது. ஒரு நோயாளியின் பெயரை மைக்கில் சொல்வீர்களா, உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று நீங்கள் கேட்க வருவதும் தெரிகிறது. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். மாதக் கடைசி செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்திருக்கிறது. உங்கள் முன்னால் மேசையில் வைத்திருக்கும் கிண்ணத்தில் சூடமிட்டாய் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நோயின்றி நெடுநாள் இருக்க வேண்டும். நல்ல தூக்கம் தூங்க வேண்டும். கால் நீட்டி உட்கார வேண்டும். உட்கார முடியாமல் எங்களைத் திட்ட வாரத்துக்கு ஒரு தரமாவது வரவேண்டும். செவ்வாய் தவிர எந்த நாளும் வரலாம். பெஞ்சில் உங்கள் இடம் அப்படியே இருக்கும். ஆணியையும் நாங்கள் பிடுங்க மாட்டோம்.

என்றும் உங்கள் பேச்சை மரியாதையாகக் கேட்டுவிட்டு மீறும்,

தைரியராஜ், மருந்தாளுநர்
ஜென்சி, ஆலோசகர்
சுபஸ்ரீ, ஆய்வக நுட்பர்
மற்றும் கூட்டு மருந்து சிகிச்சை மைய ஊழியர்கள்

திருச்சிராப்பள்ளி
30.6.2026, செவ்வாய்க்கிழமை

இவர்களோடு, தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுவது:

மலர்க்கொடி, மருங்காபுரி. மாத்திரையைக் காலையில் போடுகிறேன். ராத்திரி தூங்குகிறேன்.